குட்டை வெட்டும் முன் வலை பிடியுங்கள்: மீன் வளர்ப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்களில் பலர் பொக்லைனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் அடுத்தவர் குட்டையில் கையை நனைக்க வேண்டும். அங்கே ஒரு பருவம் பார்த்துவிட்டு, இது நமக்கு ஒத்துவரும் என்று தோன்றினால் சொந்த மண்ணைத் தோண்டலாம். ஒத்துவராது என்று அப்போதே தெரிந்துவிட்டால் அதுவும் லாபம்தான்.

இந்தக் கட்டுரை தமிழ்நாட்டில், அதிலும் காவிரிப் படுகை போன்ற இடங்களில், நன்னீர்க் குட்டையில் கெண்டை வளர்க்க நினைப்பவர்களுக்கானது. அரை ஏக்கரிலிருந்து ஒரு ஏக்கர் வரை உள்ள குட்டையை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

எந்த மீன் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

யூடியூபைத் திறந்தால் பயோபிளாக் தொட்டி, வன்னாமி இறால், ஜிலேபி, விரால் என்று எல்லாமே லட்சங்களில் பேசுகின்றன. புதிதாக வருகிறவருக்கு என் பரிந்துரை கூட்டின மீன் வளர்ப்பு: கட்லா, ரோகு, மிர்கால். இந்த மூன்றும் ஒரே குட்டையில் சண்டையில்லாமல் வாழும். கட்லா மேல்மட்டத்தில் நுண்ணுயிரிகளைத் தின்னும், ரோகு நடுமட்டத்தில் மேயும், மிர்கால் அடிமண்ணில் மட்கியதைக் கிளறித் தின்னும். ஒரே தண்ணீரில் மூன்று மாடி குடித்தனம். நீங்கள் சின்னத் தவறு செய்தாலும் இவை உடனே செத்து மிதக்காது. கற்றுக்கொள்ள அவகாசம் தரும்.

பயோபிளாக்கில் அந்த அவகாசம் கிடையாது. சின்னத் தொட்டியில் நெருக்கமாக மீனை விட்டு, காற்றை இடைவிடாமல் செலுத்தி, கழிவை நுண்ணுயிரிகளைக் கொண்டு தீவனமாக்கும் முறை அது. கொஞ்ச நேரம் காற்று நின்றாலே மீன் மூச்சுத் திணறும். ஜெனரேட்டர் இல்லாமல் அதில் இறங்கவே கூடாது. தண்ணீரைப் படிக்கத் தெரிந்த பிறகு செய்யவேண்டிய வேலை அது, தொடக்கப் பள்ளி அல்ல.

மரபுவழி மேம்படுத்திய கிப்ட் திலேப்பியா (ஜிலேபி மீனின் ஒரு வகை) வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு நாடு முழுக்கத் தடை இருக்கிறது. 'சீக்கிரம் வளரும், கோழிக்கழிவு போட்டால் போதும்' என்று யாராவது கெளுத்திக் குஞ்சு தந்தால் வாங்காதீர்கள். அது தப்பி வாய்க்காலுக்குப் போனால் ஊர் ஏரியில் உள்ள நாட்டு மீனெல்லாம் காலி.

இறாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990-களில் நாகை வட்டாரத்தில் வயல்களுக்கு நடுவே உப்புநீர் இறால் பண்ணைகள் வந்தபோது நிலத்தடி நீர் உப்பாகி, விளைநிலம் பாழாகி, காந்தியவாதித் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் மக்களோடு போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பர் 11 அன்று இறால் பண்ணைகளுக்கு எதிரான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பிறகு 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துக்கான சட்டம் வந்தது. இன்று கடலோரத்தில் உவர்நீர்ப் பண்ணை வைக்க அந்த ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். 'நிலைத்த மீன் வளர்ப்பு' என்று இப்போது எல்லாரும் பேசுகிறோமே, அதன் பொருளை நம் ஊர் கற்றுக்கொண்டது அந்த வழக்கில்தான்: உன் குட்டைத் தண்ணீர் பக்கத்து வயலைக் கெடுக்கக் கூடாது.

பயிற்சிக்கு எங்கே போவது

முதல் கதவு உங்கள் மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகம். மீன் வளர்ப்போர் மேம்பாட்டு முகமையில் பெயரைப் பதிந்து வையுங்கள். பயிற்சி, மானியம், குஞ்சு மூன்றுக்கும் பின்னால் அது உதவும். இரண்டாவது, வேளாண் அறிவியல் நிலையம். நாகப்பட்டினம் பக்கத்தவர்களுக்குச் சிக்கல் நிலையம் இருக்கிறது. உங்கள் மாவட்ட நிலையத்தில் மீன்வளத் தொழில்நுட்ப வல்லுநர் இருக்கிறாரா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

மூன்றாவது, நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம். அதன் தூத்துக்குடிக் கல்லூரி 1977-லிருந்து இயங்குகிறது, பொன்னேரியில் இன்னொன்று இருக்கிறது. தொழிற்பயிற்சிக்கென்றே சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் ஓர் இயக்ககமும் வைத்திருக்கிறார்கள். கொடுவா, பால்மீன், மடவை என்று உவர்நீர்ப் பக்கம் போக நினைப்பவர்கள் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தை அணுகலாம். கொடுவாவைப் பண்ணையில் முட்டையிட வைத்து 1997-இல் வெற்றி கண்டவர்கள் அவர்கள்.

ஜூலை 10 தேசிய மீன் உழவர் நாள். மீன்வள அறிவியலாளர் ஹீராலால் சௌதுரி குழுவினர் 1957-இல் அந்த நாளில்தான் ஒடிசாவில் கெண்டைகளுக்கு ஊசி போட்டு முட்டையிட வைத்தார்கள். அதற்கு முன் வெள்ளக் காலத்தில் ஆற்றிலிருந்து குஞ்சு அள்ள வேண்டியிருந்தது, அதில் என்ன மீன் கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நாளையொட்டிப் பல இடங்களில் முகாமும் செயல்விளக்கமும் நடக்கும். அதிகாரிகள், குஞ்சு உற்பத்தியாளர்கள், பழைய பண்ணையாளர்கள் எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் பார்க்க அது நல்ல வாய்ப்பு.

இரண்டு, மூன்று நாள் வகுப்பு முடிந்து சான்றிதழ் கையில் வந்ததும் பலர் பயிற்சி முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சான்றிதழ் வங்கிக்கும் மானியத்துக்கும் உதவும், மீனுக்கு உதவாது. வகுப்பில் பழகும் பண்ணையாளர் ஒருவரிடம் 'அண்ணே, அறுவடைக்கு வலை இழுக்க வரட்டுமா' என்று கேளுங்கள். வலை இழுக்க எப்போதும் ஆள் பற்றாக்குறை, யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அங்கிருந்துதான் உண்மையான பயிற்சி தொடங்குகிறது.

கையால் கற்க வேண்டியவை

அடுத்தவர் குட்டையில் இருக்கும்போது கீழ்க்கண்டவற்றை ஒருமுறையாவது நீங்களே செய்துவிடுங்கள். பார்த்துக்கொண்டு நின்றால் போதாது.

குஞ்சுகளை அடையாளம் காண்பது. கட்லாவுக்குத் தலை பெரிது, வாய் மேல்நோக்கி இருக்கும். ரோகுவுக்கு உதட்டில் விளிம்பு மடிப்புகள், துடுப்பில் லேசான சிவப்பு. மிர்கால் ஒல்லி, வெள்ளி மினுக்கு. சில்வர் கெண்டைக்குச் செதில் மிகப் பொடி, கண் கீழே தள்ளி இருக்கும். விரல் நீளக் குஞ்சில் இந்த வித்தியாசத்தைப் பிடிக்கக் கண் பழக வேண்டும். கட்லா என்று காசு கொடுத்து வேறெதையோ வாங்கி வந்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் விஷயம் தெரியும்.

குஞ்சு எண்ணுவது. ஒரு சிறிய வலைக் கிண்ணத்தில் அள்ளி, அந்த ஒரு கிண்ணத்தை மட்டும் ஒவ்வொன்றாக எண்ணி, மொத்தம் எத்தனை கிண்ணம் என்று பெருக்குவார்கள். எண்ணும் கிண்ணத்தை நிறைய அள்ளி, விற்கும் கிண்ணத்தைக் குறைய அள்ளுவது ஒரு கைத்தந்திரம். எந்தக் கிண்ணத்தை எண்ணுவது என்று நீங்கள் காட்டுங்கள்.

தண்ணீரின் பச்சையைப் படிப்பது. முழங்கை வரை கையை நீருக்குள் நேராக விடுங்கள். முழங்கை நனையும் ஆழத்தில் உள்ளங்கை மங்கி மறைந்தால் பிளாங்டன், அதாவது மீனுக்கு உணவாகும் மிதக்கும் நுண்ணுயிர்கள், அளவாக இருக்கிறது. மணிக்கட்டு நனையும் முன்பே மறைந்தால் பச்சை அதிகம், உரத்தை நிறுத்த வேண்டும். முழங்கை நனைந்த பிறகும் விரல்கள் பளிச்சென்று தெரிந்தால் குட்டை பட்டினி. கருப்பு வெள்ளை அடித்த செக்கி தட்டு வைத்து அளந்தால் 25 முதல் 40 செ.மீ. வரை நல்லது. சேற்றுக் கலங்கலைப் பச்சை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் அள்ளி வெளிச்சத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

விடியற்காலைச் சுற்று. இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். பகலில் பாசி ஆக்சிஜன் தருகிறது, இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. அதனால் சூரியன் உதிக்கும் முன்புதான் குட்டையில் மூச்சுக்காற்று மிகக் குறைவு. அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அபாயம். ஆள் வந்ததும் உள்ளே முங்கிவிட்டால் ஆரம்ப நிலை. கை தட்டினாலும் நகரவில்லை, அடியில் வாழும் மிர்காலே மேலே மிதக்கிறது என்றால் உடனே மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைக் குட்டைக்குள் உயரத்திலிருந்து பீய்ச்ச வேண்டும். புதுத் தண்ணீர் இல்லாவிட்டால் குட்டைத் தண்ணீரையே எடுத்து அதிலேயே பீய்ச்சலாம். அன்று தீவனமும் சாணமும் கிடையாது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மேகமூட்டம், காற்றே இல்லை என்றால் மறுநாள் விடியலில் இது நடக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். மீன் வளர்க்கிற பலர் எட்டு மணிக்குக் குட்டைக்குப் போகிறார்கள். எட்டு மணிக்கு எல்லாக் குட்டையும் அழகாகத்தான் இருக்கும்.

அப்புறம் பி.எச்., அதாவது தண்ணீரின் புளிப்பு, காரம் பார்க்கும் சிறு பெட்டி, வீச்சு வலை, ஆக்சிஜன் நிரப்பிக் குஞ்சு பொட்டலம் கட்டுவது. இவையெல்லாம் ஒரு வாரத்தில் கை வந்துவிடும்.

மண்ணும் தண்ணீரும்

சொந்தக் குட்டைக்கு இடம் பார்க்கும்போது ஈரமண்ணை உருண்டை பிடித்து மேலே எறிந்து பிடியுங்கள். உடையாமல் கைக்கு வந்தால் களி போதும். இன்னும் உறுதியாகத் தெரிய, இடுப்பளவு குழி தோண்டி மாலையில் தண்ணீர் நிரப்பிவிட்டு, மறுநாள் காலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். முதல் நாள் இறங்கினால் மீண்டும் நிரப்பி அடுத்த நாளும் பாருங்கள். அப்போதும் பாதிக்கு மேல் காணாமல் போனால் அந்த இடத்தை விட்டுவிடுவது நல்லது.

மணற்பாங்கான இடத்தில் தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்கள் அடியில் அரை அடி மண் பரப்பிக்கொள்ளுங்கள். மிர்காலுக்கு மண் வேண்டும், இயற்கை உணவு உருவாகவும் மண் வேண்டும். இன்னொன்று, தார்ப்பாய்ச் சரிவில் பாசி படிந்தால் விழுந்தவர் ஏறி வர முடியாது, நீச்சல் தெரிந்தவரும்தான். நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு தொங்கவிடுங்கள், சுற்றி வேலி போடுங்கள். மோட்டார், ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) இணைப்புகளில் மின்கசிவு துண்டிப்பான் இருக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

தண்ணீர் ஐந்து அடி நின்றால் போதும், ஆறரை அடிக்கு மேல் தேவையில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு, சில இடங்களில் இரும்பும் அதிகம். குழாயிலிருந்து நேராகக் குட்டைக்குள் விடாமல் ஒரு வாய்க்காலில் ஓடவிட்டு, கல்லில் அடித்துத் தெறித்து வந்து விழும்படி செய்யுங்கள். விவசாய மின் இணைப்பை மீன் குட்டைக்குப் பயன்படுத்தலாமா, கட்டண வகை எது என்பதை மின்வாரியத்தில் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாட்காட்டியைப் பின்னாலிருந்து போடுங்கள்

குஞ்சு எப்போது விடுவது என்று கேட்பதற்கு முன், மீனை எப்போது விற்பது என்று யோசியுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கடல் மீன் வரத்துக் குறையும், வளர்ப்பு மீனுக்கு மதிப்பு கூடும். படுகையில் குட்டைத் தண்ணீர் வற்றுவதும் அதே காலம்தான். மாறாக, புரட்டாசியில் பாதி ஊர் அசைவம் தொடாது. அந்த மாதத்தில் வலை போட்டால் வியாபாரி சொல்வதுதான் விலை.

கெண்டை முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வர எட்டிலிருந்து பத்து மாதம் ஆகும். ஆக, ஆகஸ்டில் நல்ல பெரிய குஞ்சாக விட்டால் தடைக்காலத்துக்கு மீன் தயார். மழைக்காலத்தில்தான் கெண்டை முட்டையிடும், ஜூன், ஜூலையில் பொரித்த குஞ்சு ஆகஸ்டில் விரல் நீளத்துக்கு வந்திருக்கும். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகிறது.

மே மாதம் குட்டையை வடித்து, அடிமண் வெடிக்கும் வரை காயவிடுங்கள். விரால், கெளுத்தி, உளுவை, அவற்றின் முட்டை எல்லாம் இதில் போய்விடும். வடிக்கவே முடியாத குட்டை என்றால் இலுப்பைப் புண்ணாக்கு போட வேண்டும். ஒரு ஏக்கரில் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 1000 கிலோ பிடிக்கும். செலவு பயமுறுத்தும். அதனால் முடிந்த மட்டும் தண்ணீரை இறைத்துக் குறைத்துவிட்டுப் போடுங்கள். அதன் நஞ்சு அடங்க இரண்டு, மூன்று வாரம் ஆகும். பிறகு அதுவே உரமாக மாறிவிடும், சாணத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். பூச்சிமருந்து ஊற்றி மீன் கொல்லும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்தால் யாரும் செய்ய மாட்டார்கள்.

அடுத்து சுண்ணாம்பு. மண்ணின் பி.எச். 6.5 முதல் 7.5 வரை இருந்தால் ஏக்கருக்கு 200 கிலோ, 7.5-க்கு மேல் இருந்தால் 80 கிலோ போதும். 6.5-க்கும் கீழே புளிப்பு மண் என்றால் ஏக்கருக்கு 400, 500 கிலோகூடத் தேவைப்படும். மண்ணைப் பரிசோதிக்காமல் 'எல்லாரும் நான்கு மூட்டை போடுகிறார்கள்' என்று போடாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி, வாய்க்குத் துணி, காற்றுக்கு முதுகு காட்டி வீசுங்கள்.

ஒரு வாரம் கழித்து இரண்டு அடி தண்ணீர் விட்டு, ஏக்கருக்கு ஒரு டன் பச்சைச் சாணம். மூலைகளில் குவித்து வைத்தால் மெல்லக் கரையும். ஆண்டு முழுக்க நான்கைந்து டன் போதும், மீதியை மாதாமாதம் பிரித்துப் போடுங்கள். கோழிக்கழிவு மலிவு என்று அள்ளிக் கொட்டுகிறார்கள். அதோடு கோழிக்குக் கொடுத்த மருந்தும் வருகிறது என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு வாரம், பத்து நாளில் தண்ணீர் இளம்பச்சையாகும். மீதித் தண்ணீரை நிரப்புங்கள். தண்ணீர் வரும் வழியிலும் போகும் வழியிலும் நுண்கண் வலை கட்டாயம்.

குஞ்சு வாங்கி விடுவது

அரசு மீன் பண்ணைகள் மேட்டூர், பவானிசாகர், மணிமுத்தாறு, தஞ்சை கரந்தை போன்ற இடங்களில் இருக்கின்றன. முன்பதிவு செய்துகொள்ளுங்கள். மூன்று, நான்கு அங்குல விரலிகளாகவே வாங்குங்கள். பொடிக்குஞ்சு மலிவுதான், ஆனால் பாதிக்கு மேல் தவளைக்கும் நீர்ப்பூச்சிக்கும் போய்விடும். ஆந்திரப் பண்ணைக்காரர்கள் ஒரு படி மேலே போய், நெருக்கமாக விட்டு வளர்ச்சியைக் கட்டிவைத்த ஓராண்டுக் குஞ்சுகளைத்தான் வளர்ப்புக் குட்டையில் விடுகிறார்கள். அவை தீவனத்தைக் கண்டதும் விறுவிறுவென்று ஏறும். கிடைத்தால் விலை கூடினாலும் வாங்கலாம்.

முதல் ஆண்டில் ஏக்கருக்கு 2000 குஞ்சுக்கு மேல் வேண்டாம். கட்லா 800, ரோகு 600, மிர்கால் 600. கரையோரம் களை நிறைய என்றால் அதற்குள்ளேயே ஒரு நூறு புல் கெண்டைக்கு இடம் ஒதுக்குங்கள். சில்வர் கெண்டை வேகமாக வளரும், ஆனால் கட்லாவோடு சாப்பாட்டுக்குப் போட்டி போடும், நம் சந்தையில் விலையும் குறைவு.

காலை வெயில் ஏறும் முன் விடுங்கள். பொட்டலத்தைப் பிரிக்காமல் கால் மணி நேரம் குட்டையில் மிதக்கவிட்டு, பிறகு வாயைத் திறந்து குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, குஞ்சுகள் தாமாக நீந்தி வெளியே போகும்படி சாய்த்துப் பிடியுங்கள். வாளியில் கொட்டுவது போலக் கொட்டினால் அன்று சாகாது, மூன்றாம் நாள் சாகும். அப்போது பழியெல்லாம் குஞ்சு கொடுத்தவர் மேல் விழும்.

தீவனம்: பணம் போகும் வழி

மொத்தச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகும். பழைய முறை, தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி. புண்ணாக்கை முதல் நாள் இரவே ஊறவைத்துத் தவிட்டோடு பிசைந்து கொடுப்பது. உர மூட்டைப் பையின் அடியில் துளை போட்டு, உள்ளே தீவனத்தை நிரப்பி, குட்டைக்குள் நட்ட கம்பில் கட்டிவிடும் ஆந்திர முறை எனக்குப் பிடித்தது. மீன் துளையில் முட்டி முட்டித் தின்னும், வீணாவது குறைவு. மாலையில் பையில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தாலே மீனின் பசி தெரிந்துவிடும். மிதவைத் தீவனம் விலை கூடுதல், ஆனால் தின்பதைக் கண்ணால் பார்க்கலாம். அரைமணி நேரத்துக்கு மேல் மிதந்தால் அளவைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம்.

அளவு எப்படிப் போடுவது? மாதம் ஒருமுறை வீச்சு வலையில் இருபது, முப்பது மீன் பிடித்து எடை போடுங்கள். மூன்றாம் மாதம் சராசரி 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 2000 விட்டதில் 1800 இருக்கிறது என்று கணக்கிட்டால் மொத்த மீன் எடை 360 கிலோ. அதில் 3 சதவீதம், அதாவது நாளுக்கு 10.8 கிலோ. குஞ்சாக இருக்கையில் 5 சதவீதம் வரை கொடுக்கலாம், முக்கால் கிலோவை நெருங்கும்போது 2 சதவீதம் போதும். இரண்டு வேளையாக, அதே இடத்தில், அதே நேரத்தில். மேகமூட்டமான நாளில் பாதி, மழை கொட்டும் நாளில் ஒன்றுமில்லை. தின்னாத தீவனம் அடியில் அழுகி அம்மோனியாவாகும். பட்டினி போட்டுக் கெட்ட குட்டையைவிட அதிகமாகப் போட்டுக் கெட்ட குட்டைகள்தான் அதிகம்.

இந்த எடைக் கணக்கை ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, தீவனம், சராசரி எடை, தண்ணீர் நிறம், விடியலில் மேலே வந்ததா. ஐந்து வரி போதும். தீவனம் ஏறிக்கொண்டே போகிறது, எடை ஏறவில்லை என்று இரண்டாவது மாதமே அந்த நோட்டு காட்டிக்கொடுக்கும்.

ஐப்பசி, கார்த்திகை

வடகிழக்குப் பருவமழை புதியவருக்கு முதல் பெரிய தேர்வு. கரை உடைவதும் தண்ணீர் வழிவதும் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. மழைக்கு முன்பே கரையைப் பலப்படுத்தி, தாழ்வான பக்கங்களில் இரண்டடி உயரம் வலை கட்டிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து, மழைநீர் சேர்ந்து தண்ணீரின் காரத்தன்மை குறைந்து, குளிரும் சேர்ந்து மீனின் எதிர்ப்புச் சக்தி இறங்குவது. மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது உடம்பில் சிவந்த புண் வரும் நோய் தலைகாட்டும். மழை இடைவெளிகளில் ஏக்கருக்கு 40, 50 கிலோ சுண்ணாம்பைக் கரைத்துத் தெளித்து வந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

நோய் கண்டால் கடைக்காரர் தரும் மருந்தை ஊற்ற வேண்டாம். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவை மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. நோய் தெரியும் மீனை உயிரோடு, அதே குட்டைத் தண்ணீரோடு, ஆக்சிஜன் பையில் அடைத்துப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோங்கள். செத்து நாறிய மீனை எடுத்துப்போனால் அவர்களால் ஒன்றும் சொல்ல முடியாது. மீன் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பேனும் நங்கூரப் புழுவும் கண்ணுக்கே தெரியும். இதற்கும் மருந்தளவைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

நீர்க்காகத்துக்குக் குட்டைக்குக் குறுக்கே கயிறு கட்டி மினுக்குத் தாள் தொங்கவிடுவது போதுமானது. முழுக்க வலை மூடினால் பறவைகள் சிக்கிச் சாகும்.

மானியமும் விற்பனையும்

2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்குத் திட்டச் செலவில் 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் என்று மானிய விகிதம் வைத்தார்கள். இப்போது எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது என்பதை அலுவலகத்தில் கேளுங்கள். மானியம் வேலை முடிந்து, அதிகாரிகள் வந்து அளந்த பிறகுதான் வரும். கைக்காசு அல்லது வங்கிக் கடன் முதலில் வேண்டும். கிசான் கடன் அட்டை இப்போது மீன் வளர்ப்போருக்கும் உண்டு, தீவனச் செலவுக்கு அதைக் கேட்டுப் பாருங்கள்.

'குஞ்சும் தீவனமும் நாங்களே தருகிறோம், மீனையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று வருபவர்களிடம் ஜாக்கிரதை. ஈமு கோழி வளர்ப்பு மோசடியில் கொங்கு நாடு பட்டது நினைவிருக்கும். அவர்கள் கூட்டிச் செல்லும் பண்ணையைத் தவிர வேறொரு பண்ணையை நீங்களாகத் தேடிப்போய்ப் பாருங்கள்.

விலையில் ஆந்திராவோடு மல்லுக்கட்ட முடியாது. கொல்லேறு, பீமவரம் பக்கத்திலிருந்து ஐஸ் போட்ட கெண்டை லாரி லாரியாக வருகிறது. உங்கள் பலம் உயிர் மீன். குட்டைக்கரையிலேயே ஞாயிற்றுக்கிழமை காலை விற்பது, பக்கத்து ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் சொல்லி வைப்பது, இதெல்லாம் மொத்த வியாபாரியைவிட நல்ல விலை தரும். ஆனால் ஒரு டன் மீனை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கரையில் விற்றுவிட முடியாது. மார்ச்சிலிருந்தே பெரிய மீன்களைப் பொறுக்கி எடுங்கள். மிச்சத்துக்கு இடம் கிடைத்து அவை வேகமாக வளரும். கடைசியாக முழுக் குட்டையையும் இழுக்கும் நாளுக்கு மட்டும் வியாபாரியிடம் பேசி வையுங்கள். அறுவடைக்கு முதல் நாள் தீவனம் வேண்டாம். வயிறு காலியாக இருந்தால் மீன் நீண்ட நேரம் கெடாது.

அறுவடைத் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடாதீர்கள். தழைச்சத்து நிறைந்த தண்ணீர் அது, வாழைக்கோ நெல் நாற்றங்காலுக்கோ பாய்ச்சுங்கள். அடியில் படிந்த வண்டலை வெட்டித் தென்னைக்குப் போடலாம். குட்டை மறுபடி காய்ந்துகொண்டிருக்கும் அந்த நாட்களில் நோட்டை எடுத்து, மொத்தத் தீவன எடையை மொத்த மீன் எடையால் வகுத்துப் பாருங்கள். மிதவைத் தீவனம் மட்டும் போட்டவர்களுக்கு ஒன்றரையை ஒட்டி வந்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள். இரண்டைத் தாண்டினால் அடுத்த ஆண்டு குஞ்சு எண்ணிக்கையைக் கூட்டாமல் தீவனக் கையை முதலில் சரிசெய்யுங்கள். தவிடு, புண்ணாக்கு போட்டவர்களுக்கு இந்த எண் இதைவிடக் கூடுதலாகத்தான் வரும், அவர்கள் கிலோ மீனுக்கு எத்தனை ரூபாய் தீவனம் என்று ரூபாயில் பார்ப்பதே சரி. அப்புறம், ஜூன் பிறப்பதற்குள் குஞ்சுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். நல்ல விரலிகள் எல்லாம் முன்கூட்டிச் சொன்னவர்களுக்கே போய்ச் சேரும்.